சிங்கப்பூர்ல கொரியன் பார்பிக்யூ பஃபே: ஆறு பேர், ரெண்டு பேருக்கு மாடு ஆகாது, ஒருத்தர் சைவம்

நொய்யல்கரை (திருப்பூர்)

வணக்கமுங்க. கூட்டாளிங்க ஆறு பேர் சிங்கப்பூர் போறோம். ஒரு நாள் ராத்திரி கொரியன் பார்பிக்யூ பஃபேன்னு பசங்க முடிவு பண்ணிட்டாங்க. ரெண்டு பேர் மாட்டுக்கறி தொட மாட்டாங்க, ஒருத்தர் சுத்த சைவம், மத்தவங்களுக்கு எதுன்னாலும் சரி. மேசையில நாமளே சுட்டுக்கோணும்னு மட்டும் தெரியும். எதை மொதல்ல போடறது, எவ்வளவு நேரம், எங்க ஏமாறுவோம்? மெனுவுல 30 வெள்ளின்னு (சிங்கப்பூர் டாலர்) போட்டு பக்கத்துல ரெண்டு கூட்டல் குறி இருக்கே, அது என்னங்க?

ஜூராங் கோயமுத்தூரான்

கூட்டல் குறியை மொதல்ல முடிச்சுடலாமுங்க. ஒண்ணு 10% சர்வீஸ் சார்ஜ், இன்னொண்ணு 9% ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜ் சேர்ந்த தொகை மேலதான் ஜிஎஸ்டி விழும். 30 மொதல்ல 33 ஆகி, அப்பறம் 35.97-ல நிக்கும். ஆறு பேருக்கு 216 வெள்ளி எடுத்து வெச்சுக்கோங்க; பீர், சோஜு (கொரியச் சாராயம்) எல்லாம் தனிக்கணக்கு. டிப்ஸ் வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை ராத்திரி விலை பெரும்பாலும் கூடுதலா இருக்கும், மத்தியானம் கம்மி.

உக்காரும்போதே மூணு விஷயம் கேட்டுருங்க: எத்தனை நிமிஷம் (90 இல்ல 120 இருக்கும்), கடைசி ஆர்டர் எப்ப, மிச்சம் வெச்சா எவ்வளவு. நிறைய கடையில மிச்சக் கறியை எடை போட்டு 100 கிராமுக்கு இவ்வளவுன்னு பில்லுல ஏத்துவாங்க. அதனால மொத ரவுண்டுல ஆளுக்கு நாலஞ்சு துண்டுக்கு மேல எடுக்காதீங்க. நம்ம ஊர் பந்தி பழக்கத்துல தட்டு நிறையக் கொண்டாந்து குவிக்கறதுதான் பெரிய தப்பு.

ஆறு பேருன்னா ரெண்டு அடுப்பு இருக்கற மேசையா கேட்டு வாங்குங்க. ஒரு அடுப்புல மாடே ஏறக்கூடாதுன்னு வெச்சுட்டா பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துது. இடுக்கி, கத்திரிக்கோலும் அந்த அடுப்புக்குத் தனி.

மசாலா போடாத கறி மொதல்ல, ஊறவெச்ச கறி கடைசியில. புல்கோகி (மெல்லிசா சீவின கறி), கால்பி (விலாக்கறி) ரெண்டுக்கும் ஊறல்ல சோயாவும் சக்கரையும் இருக்கும், பேரிக்காய்ச் சாறும் சேப்பாங்க. சக்கரை சீக்கிரம் கருகி, சுடற தட்டுல அப்பிக்கும். அதுக்கப்பறம் எதைப் போட்டாலும் கசப்புதான். தட்டு கருப்பாச்சுன்னா சொரண்டிட்டு உக்காராதீங்க, மேசை மணியை அமுக்கி மாத்தித் தரச் சொல்லுங்க. அதுக்குக் காசு கேக்க மாட்டாங்க.

சென்னிமலை அடுப்படி

சுடற கணக்கு மட்டும் நான் சொல்றேனுங்க.

தட்டு நல்லா காஞ்சிருக்கோணும். கறி வெச்சதும் ‘சொய்ங்’னு சத்தம் வரலைன்னா எடுத்துட்டுப் பொறுங்க, சூடில்லாத தட்டுல தண்ணி விட்டு வெந்து ரப்பராயிரும். பன்னியோட அடிவயித்துக் கறி, அதான் சம்கியோப்சல், நல்ல கனமா இருந்தா ஒரு பக்கம் மூணு நாலு நிமிஷம். அடிப்பக்கம் பொன்னிறமாகற வரைக்கும் தொடாதீங்க, சும்மா சும்மா பொரட்டினா மொறுமொறுப்பு வராது. ஒருதரம் பொரட்டினப்பறம் கத்திரிக்கோல்ல வாய்க்கு அளவா வெட்டி, வெட்டின ஓரங்களையும் சுட்டு எடுங்க. சுருட்டி வெச்சிருக்கற மெல்லிசு சீவலுக்கு ஒரு நிமிஷமே நெம்ப ஜாஸ்தி.

கோழிக்குத்தான் பொறுமை வேணும். மொத ரவுண்டுலயே சின்னதா வெட்டி ஓரத்துல வெச்சுருங்க, நடுத்தீயில வெச்சா வெளிய கருகி உள்ள பச்சையா இருக்கும். எலும்பில்லாத தொடைக்கறி நெஞ்சுக்கறி மாதிரி வறளாது.

கொழுப்பு சொட்டி தீ எந்திரிச்சா தண்ணி ஊத்தாதீங்க, குப்புனு இன்னும் ஏறும். கறியை ஓரத்துக்குத் தள்ளி தீயைக் கொறைச்சாப் போதும். பச்சைக்கறி எடுத்த இடுக்கியில வெந்ததை எடுக்கக் கூடாது. ஆறு பேர் கையும் ஒரே இடுக்கியில இருந்தா இது கண்டிப்பா தப்பும். ஒருத்தர் சுடட்டும், ரெண்டு ரவுண்டுக்கு ஒருதரம் ஆள் மாத்திக்கோங்க.

பெருந்துறை ராக்கெட்

இவ்வளவு கணக்கு எதுக்குங்க? விலை ஒசந்த கறி எதுவோ அதையே தின்னுட்டு வந்தாக் காசு வசூல்.

ஜூராங் கோயமுத்தூரான்

தம்பி, சம்கியோப்சல்ல பாதிக்குப் பாதி கொழுப்பு. அதையே தொடர்ந்து தின்னா அரை மணி நேரத்துல திகட்டிரும், மீதி நேரம் போன் பாத்துட்டு உக்காரோணும். நடுவுல கிம்சி (காரமான முட்டைக்கோஸ் ஊறுகாய்), முள்ளங்கி ஊறுகாய்னு புளிப்பு ஏதாவது வேணும். ஒரு கீரை இலையில ஒரு துண்டுக் கறி, சுட்ட பூண்டு, சுண்டக்காயளவு சம்ஜாங் (சோயா, மொளகா விழுது) வெச்சு வெத்தலை மாதிரி மடிச்சு ஒரே வாயில போடுங்க. சம்ஜாங் உப்பு, தாராளமா வெச்சீங்கன்னா தண்ணி குடிச்சே வயிறு ரொம்பிரும். சோறு, தொக்போக்கி (காரக் குழம்புல போட்ட அரிசிக் கொழுக்கட்டை), கோலா மூணையும் தள்ளிப் போடுங்க.

சென்னிமலை அடுப்படி

மாடு வேண்டாங்கறவங்களுக்கு முக்கியமா ஒண்ணு. உசம்கியோப்னு ஒரு சீவல் இருக்கு. பேரும் சம்கியோப்சல் மாதிரி, பாக்கவும் வரி வரியாக் கொழுப்பு, ஆனா அது மாடு. கறி கருஞ்செவப்பா இருந்தா மாடு, வெளிர் ரோஸா இருந்தா பன்னி. சந்தேகம்னா கேட்டுட்டு எடுங்க. புல்கோகின்னு மொட்டையா எழுதியிருந்தாலும் மாடுதான். நேங்மியோன்னு குளுகுளு நூடுல்ஸ் தருவாங்க, அதோட தண்ணி பெரும்பாலும் மாட்டுக்கறி வேகவெச்சது. ஜாப்சே நூடுல்ஸ்லயும் மாட்டுத்துண்டு கெடக்கலாம். ஹலால் கடைன்னா பன்னி இருக்காது, ஆனா மாடு பெரும்பாலும் இருக்கும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

நெம்ப நன்றிங்கண்ணா. அந்த சைவக்காரருக்கு என்ன வழி? துணியெல்லாம் புகை நாத்தம் அடிக்கும்ங்கறாங்களே, அது?

சென்னிமலை அடுப்படி

சைவம்னு போனா ஏமாத்தந்தானுங்க. கிம்சியில மீன் சாறோ உப்பு இறாலோ இருக்கும். சோயாக் குழம்பும் ஆவியில வெச்ச முட்டையும் பல கடையில நெத்திலித் தண்ணியில செய்வாங்க. மிச்சம் காளான், சோளம், சக்கரவள்ளி, கீரை. அதையும் கறி சுட்ட தட்டுலயே வைக்கோணும். காசு மட்டும் அதே 36. அவரை சிராங்கூன் ரோட்டுல கோமள விலாஸ் சைவ ஓட்டல்ல சாப்புட வெச்சுட்டு, நீங்க அஞ்சு பேர் போறதுதான் நல்லது. அஞ்சு பேர்னாலும் ரெண்டு அடுப்புக் கேளுங்க.

ஜூராங் கோயமுத்தூரான்

நாத்தம் போகாது, தலைமுடியிலயும் ஏறும். மேல இருந்து தொங்கற புகை உறிஞ்சற குழாயைத் தட்டுக்குக் கிட்ட இழுத்து வெச்சா கொஞ்சம் கொறையும். தொவைக்கற பருத்திச் சட்டை போட்டுட்டு, தோள்பையை மேசைக்கு அடியிலயோ மூடி வெச்ச ஸ்டூலுக்குள்ளயோ வெச்சுருங்க. அடுத்த நாள் காலையில பிளைட்டுன்னா பஃபேயை முந்தின நாளுக்கு மாத்திக்கோங்க, துணி காய நேரம் வேணுமுங்க.