மறு: ஒய் குரோமோசோம் கட்டுரை – ‘ஜீன் கன்வெர்ஷன்’ தமிழில்?

குழுவினருக்கு வணக்கம். ஒய் குரோமோசோம் (ஆண்களிடம் உள்ள பால் குரோமோசோம்) பற்றிய நம் கட்டுரையில் வரும் ‘ஜீன் கன்வெர்ஷன்’ (gene conversion), அதாவது ஒரு டி.என்.ஏ. துண்டு தன்னை ஒத்த இன்னொன்றின் மேல் படியெடுக்கப்படுவது, இதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு என் பதில் இது. முதலில் ஒருவர் சொன்னது:

> மரபணு மாற்றம் என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். எங்கள் வேலூர் முள்ளுக்கத்திரிக்காய் புவிசார் குறியீடு வாங்கியது. இங்கே சந்தையில் நின்று ‘மரபணு மாற்றம்’ என்று வாயைத் திறந்தால், மரபணு மாற்றிய பி.டி. கத்திரியா என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதை விட்டுவிடுவோம்.

‘மரபணுப் பரிமாற்றம்’ சரிவராது. பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல். அது குறுக்கேற்றத்துக்கு (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) பொருந்தும். இங்கே நடப்பது ஒருவழிப் பாதை. ஒய்யின் பெரும்பகுதிக்கு ஜோடி கிடையாது. எக்ஸுடன் நுனிகளில் மட்டும்தான் சேரும். ஆனால் அதற்குள்ளேயே சில நீண்ட தொடர்கள் நேராக ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை என இரண்டு கைகளாக இருக்கின்றன. இந்த அமைப்புக்குப் பாலிண்ட்ரோம் என்று பெயர். மனிதனில் மிகப் பெரியது பி1 என்பது, சுமார் 29 லட்சம் டி.என்.ஏ. எழுத்து. ஒரு கையின் துண்டு மறு கையின் மேல் படியெடுக்கப்படும். கொடுத்த கை அப்படியே இருக்கும், வாங்கிய கை கொடுத்ததைப் போல ஆகிவிடும்.

2003-இல் மரபியலாளர் டேவிட் பேஜ் குழு மனிதக் குரங்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இந்தக் கைகளில் பல நாமும் சிம்பன்சியும் பிரியும் முன்பே இருந்தவை என்று தெரிந்தது. இத்தனை லட்சம் ஆண்டுகளில் இரு கைகளும் ஆளுக்கொரு பக்கம் மாறி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை, இந்தப் படியெடுப்புதான் காரணம். பி1-இன் கைகள் 99.97 விழுக்காடு ஒன்று. பத்தாயிரம் எழுத்துக்கு மூன்றுதான் வித்தியாசம்.

அப்புறம், ‘மரபணுச் சீராக்கம்’. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்குச் சம்மதமில்லை. நல்ல படி பழுதானதன் மேல் ஏறினால் சீராகும். பழுதானது நல்லதன் மேல் ஏறினால்? பழுது இரண்டாகும். விந்து உற்பத்திக்கான டாஸ் (DAZ) போன்ற மரபணுக்கள் இந்தக் கைகளில்தான் இருக்கின்றன, விளையாட்டில்லை. தவிர, நம்மிடம் இப்படிப்பட்ட அமைப்பு 8, சிம்பன்சியிடம் 19. அப்படியிருந்தும் நம் ஒய்யில் உள்ள மரபணுக்கள் பல அதனிடம் இல்லை என்று 2010-இல் தெரிந்தது. எல்லாம் சீராகிவிடும் என்று பெயரிலேயே வாக்குக் கொடுக்க வேண்டாம்.

என் பரிந்துரை: ‘மரபணு ஒத்தாக்கம்’. நல்லது கெட்டது சொல்லாது, ஒன்றைப் போல மற்றொன்று ஆனதை மட்டும் சொல்லும். ஒத்தாக்கும் கை, ஒத்தாக்கப்பட்ட கை என்று வினையாகவும் வளையும். இலங்கை நண்பர்கள் பரம்பரையலகு ஒத்தாக்கம் என்று எழுதிக்கொள்ளட்டும்.

பாலிண்ட்ரோமுக்கு ‘விகடகவித் தொடர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், ரசித்தேன். ஆனால் டி.என்.ஏ.வில் திருப்பிப் படிப்பது அதே இழையில் அல்ல, எதிர் இழையில். அதை நாமும் தனி மடல் இழையில் பேசலாம்.