வெளியுறவு அமைச்சரின் வெளிநாட்டுப் பயணம்: எதற்காக, எவ்வளவு செலவு?

காரைக்குடிவாசி:
நேற்று சாயங்காலம் டீக்கடையில் பெரிய வாக்குவாதம். வெளியுறவு அமைச்சர் ஊர் ஊராகச் சுற்றியே 2,000 கோடி ரூபாயைக் காலி பண்ணிவிட்டார் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டினார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் தம்பி வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஆறு மாசம் சம்பளம் வாங்காமல் தவித்து, கடைசியில் கடன் வாங்கி டிக்கெட் எடுத்துத் திரும்பி வந்தவன். அதனால் இந்தப் பேச்சு எழுந்தாலே மனசு கொதிக்கிறது. உண்மையில் எவ்வளவு செலவாகிறது, இந்தப் பயணங்களால் நம் ஊர்க்காரனுக்கு ஏதாவது ஆகிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை கணக்கர்:
தம்பி, அந்த 2,000 கோடி வெளியுறவு அமைச்சர் கணக்கே இல்லை, பிரதமர் பயணக் கணக்கு. 2018 டிசம்பரில் ராஜ்யசபாவில் கொடுத்த பதில் அது. 2014 ஜூனிலிருந்து அன்று வரை விமானப் பராமரிப்புக்கு 1,583 கோடி, வாடகைக்கு எடுத்த சார்ட்டர் விமானங்களுக்கு 429 கோடி என்று சொன்னார்கள். இரண்டையும் கூட்டி, ஆளை மாற்றி யாரோ பரப்பிவிட்டார்கள்.

மத்திய அமைச்சர்களின் பயணச் செலவு பட்ஜெட்டில் உள்துறையின் கீழ் 'அமைச்சரவை' என்ற மானியக் கோரிக்கையில், அதாவது நாடாளுமன்றத்திடம் செலவுக்குப் பணம் கேட்கும் தலைப்பில், எல்லோருக்கும் மொத்தமாக வரும். அதற்குள்ளிருந்து ஒருவர் கணக்கைப் பிரித்தெடுக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. வெளியுறவுத் துறைக்கு 2025-26இல் ஒதுக்கியது 20,516 கோடி. தூதரகங்கள், பாஸ்போர்ட் ஆபீஸ்கள், அண்டை நாடுகளுக்குக் கொடுக்கும் உதவி எல்லாம் அதில்தான். பூடானுக்கு மட்டுமே 2,150 கோடி. இதோடு வைத்துப் பார்த்தால் ஓர் அமைச்சர் பறப்பதும் தங்குவதும் சின்னத் தொகைதான். ஆனால் சின்னத் தொகை என்பதற்காகக் கணக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது. முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் சொல்கிறேன், பிரித்துக் காட்டாத செலவின் மேல்தான் வதந்தி வளரும்.

ஆத்தங்குடி ஆச்சி:
எங்கள் ஐயா பர்மாவில் மோல்மேன் ஊரில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜண்டுக்கு அடுத்த நிலை ஆளாக இருந்தவர். அந்தக் காலத்தில் ஏஜண்டாகப் போனால் மூன்று வருஷத் தவணை, முன்பணச் சம்பளம். ஆனால் அங்கிருந்து கணக்கு ஒழுங்காக வந்துகொண்டே இருக்க வேண்டும். தவணை முடிந்து ஊர் வந்ததும் முதலாளி வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேரேட்டை விரித்து ஐந்தொகை (வரவு செலவு, பாக்கிக் கணக்கு) காட்டின பிறகுதான் சொந்த வீட்டுச் சாப்பாடே இறங்கும் என்று அப்பத்தா சொல்வார்கள். கப்பல் டிக்கெட்டுக்கு எவ்வளவு ஆனது என்று முதலாளி கேட்டுக்கொண்டிருக்க மாட்டாராம். என்ன கொடுத்தாய், என்ன வசூலானது, எது வாராக்கடன், இதுதான் கேள்வி. நாமும் அமைச்சரிடம் அதைத்தான் கேட்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அவர் திரும்பி வந்ததும் நமக்குக் கிடைப்பது கைகுலுக்கிய படமும் 'பயனுள்ள பேச்சுவார்த்தை' என்ற இரண்டு வரியும்தானே.

போகவே கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள், 1948க்குப் பிறகு நிலத்தைப் பறிகொடுத்தவர்கள், 1964க்குப் பிறகு கடையையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர்கள் என்று நம் பக்கம் எத்தனை குடும்பம். நம் சார்பில் எதிரில் உட்கார்ந்து பேச ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த ஊர்களுக்குத் தெரியும்.

கோட்டைப்பட்டினம் கரை:
ஆச்சி சொன்ன வாராக்கடன், இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன எங்கள் மீன்பிடிப் படகுகள்தான். 2024 அக்டோபர் 4 அன்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு போனார், மீனவர் விஷயமும் பேசினார். அதே மாதம் 29ஆம் தேதி இரு நாட்டு மீன்வளக் கூட்டுப் பணிக்குழு கொழும்பில் கூடியது. சரி, பயணத்தால் ஒன்று நகர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகும் கைது நிற்கவில்லை. பிடித்துக்கொண்டு போன படகு அங்கே கரையில் கிடந்து இற்றுப்போகிறது, படகுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி இங்கே ஓடுகிறது. 2023 ஜனவரியில் அவர் கொழும்பு போனபோது இலங்கைக் கடனுக்கு ஐ.எம்.எப். என்ற பன்னாட்டு நிதியம் கேட்ட உத்தரவாதத்தை முதலில் கொடுத்த நாடு நாம்தான். மார்ச்சில் இலங்கைக்குச் சுமார் 300 கோடி டாலர் கடன் கொடுக்க ஐ.எம்.எப். பச்சைக்கொடி காட்டியது. நெருக்கடியில் இருந்தவர்களுக்குக் கை கொடுத்தது தப்பே இல்லை. ஆனால் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்து பேசிய அந்த மேசையில் எங்கள் படகுகளுக்கு என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது? அதை எங்களுக்கு யாராவது சொன்னார்களா?

தேவகோட்டை கணக்கர்:
தம்பி தவித்த மாதிரி விஷயத்துக்கு இன்னொன்று. 2024 ஜூன் 12 அன்று குவைத்தில் மங்காப் என்ற இடத்தில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடத் தீ விபத்தில் தமிழர்கள் ஏழு பேர் உட்பட 45 இந்தியர்கள் இறந்தார்கள். மறுநாளே வெளியுறவு இணை அமைச்சர் அங்கே போனார், 14ஆம் தேதி விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்துவிட்டன. யாராவது நேரில் போகாமல் அவ்வளவு வேகத்தில் காகிதம் நகர்ந்திருக்காது. அப்புறம், கேட்க வழி இல்லாமல் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும், தமிழிலேயே எழுதலாம். உள்ளே பேசிய ரகசியத்தைக் கேட்டால் வெளிநாட்டு உறவு என்று 8ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். தேதி, ஊர், உடன் போனவர்கள் எத்தனை பேர், டிக்கெட், ஓட்டல், கார் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

காரைக்குடிவாசி:
நன்றி அண்ணே, ஆச்சி. அந்த வாட்ஸ்அப் தகவல் தப்பு என்று கடையில் சொல்லிவிட்டேன். மனுவும் எழுதப் போகிறேன். முதலில் 2024 அக்டோபர் கொழும்புப் பயணத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறேன். செலவோடு சேர்த்து, இலங்கையில் பிடிபட்டுக் கிடக்கும் தமிழகப் படகுகளின் எண்ணிக்கையையும் அந்தப் பயணத்துக்குப் பிறகு திரும்பி வந்தவற்றின் எண்ணிக்கையையும் கேட்கிறேன். கோட்டைப்பட்டினத்துக்காரர் உங்கள் பக்கத்துப் படகுகளின் பதிவு எண்களை அனுப்பினால் அதையும் மனுவில் சேர்த்துவிடுகிறேன். பதில் வந்ததும் அப்படியே இங்கே போடுகிறேன்.