கச்சான் காற்றில் ஒரே ஜூம்: 24-105ஆ, 28-200ஆ?

பரமக்குடிக்காரன்:
என்னிடம் சோனி ஃபுல் ஃபிரேம் கேமரா இருக்கிறது. பாம்பன், சின்னப்பாலம், தனுஷ்கோடி என்று கடலோரமாகவே சுற்றப்போகிறேன். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும் மாதம், மணல் பறக்கும். அதனால் வழியில் லென்ஸை மாற்றுவதாக இல்லை. சோனி 24-105 மி.மீ. எஃப்/4 லென்ஸ் எடுக்கவா, டாம்ரான் 28-200 மி.மீ. எஃப்/2.8-5.6 லென்ஸ் எடுக்கவா?

மண்டபத்தான்:
24-105 எடுங்கள் தம்பி. ஜூமை எங்கே வைத்தாலும் எஃப்/4 மாறாது. விடியலில் கரைவலை இழுப்பவர்களை எடுக்கும்போது, ஜூம் செய்யச் செய்ய வெளிச்சம் குறைந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். லென்ஸிலேயே ஸ்டெபிலைசேஷன் உண்டு, டாம்ரானில் அது கிடையாது.

கடலோடி:
அண்ணே, அந்த எஃப்/4 கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் கூடும். டாம்ரான் 28-இல் எஃப்/2.8. 50 மி.மீ. வரைக்கும் உங்கள் லென்ஸைவிட அதுதான் வெளிச்சமானது. 100 பக்கம் போனால் எஃப்/4.5, மூன்றில் ஒரு ஸ்டாப்தான் இழப்பு (ஒரு முழு ஸ்டாப் குறைந்தால்தான் வெளிச்சம் பாதியாகும்). 200-இல் எஃப்/5.6. அந்த 200 உங்கள் லென்ஸில் இல்லவே இல்லையே! 105-இல் எடுத்து 200 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் 7கூட மிஞ்சாது. ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்துக்குத்தான். வலை இழுப்பவர் அசைவை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும். எடையும் சோனி 663 கிராம், டாம்ரான் 575தான். விலையும் டாம்ரானுக்குக் குறைவு.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலே ஏறும். கீழே விசைப்படகு கடக்கும் அந்த நேரத்தில், கரையில் நிற்பவருக்கு 200 இல்லாமல் முடியாது.

சேதுக்கரை:
நடுவில் ஒரு விஷயம். ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்துக்காக வைடு (அகலக் கோணம்) வேண்டும் என்று யாரும் சொல்லாதீர்கள், உள்ளே கேமராவுக்கு அனுமதி இல்லை. அப்புறம், இரண்டுமே ஜூம் செய்தால் நீளும் லென்ஸ்கள். நீண்ட குழாயில் உப்பும் மணலும் ஒட்டியிருக்கும். துடைக்காமல் உள்ளே தள்ளாதீர்கள்.

மண்டபத்தான்:
வெளிச்சக் கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 24-ஐ விடமாட்டேன். 24-இல் மூலைக்கு மூலை 84 டிகிரி காட்சி அடங்கும், 28-இல் 75தான். சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கும் பெண்களோடு வத்தையில் (சிறு படகில்) ஏறிப் பாருங்கள், பின்னால் நகர ஒரு அடி கிடைக்காது. அவர்கள் முகம், காலடியில் ஈரப்பாசி, பின்னால் கடல் மூன்றும் சேர்ந்தால்தான் அது அவர்களின் வேலையைச் சொல்லும் படம். 28 வைத்தால் ஏதாவது ஒன்று வெட்டுப்படும்.

200-ஐயும் ரொம்ப நம்பாதீர்கள். வெயில் ஏறியபின் தனுஷ்கோடி மணலில் காற்றே நெளியும். தூரத்தில் இருப்பதை எந்த லென்ஸில் எடுத்தாலும் குழைந்துதான் வரும். பூநாரை வருவதோ வாடைக் காலத்தில். வந்தாலும் 200-க்கு அது புள்ளிதான். நெருங்கிப் போய்க் கலைப்பது பாவம், அவை இரை தேடி வந்தவை.

கடலோடி:
பூநாரையை நான் சொல்லவே இல்லை. வத்தையில் 28 இடிக்கும், அது நிஜம். ஆனால் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தைச் சுற்றி எவ்வளவு வெட்டவெளி! நாலடி பின்னால் போனால் 28 தாராளம். மணல் சூடாகும் முன் காலையிலேயே போனால் 200-உம் நன்றாக வேலை செய்யும். இந்தக் கரையில் படகுகள் எப்போதும் தூரத்தில்தான் தெரியும். அவற்றை விட்டுவிட்டு வர எனக்கு மனம் வராது.

பரமக்குடிக்காரன்:
நான் தனுஷ்கோடியைவிடச் சின்னப்பாலத்தில்தான் அதிக நேரம் இருக்கப்போகிறேன். பாசி எடுப்பவர்கள் சம்மதித்தால் வத்தையிலும் ஏறுவேன். அதனால் 24-105.

கடலோடி:
சரி தம்பி. அப்படியானால் பாலம் தூக்குவதைக் கரையிலிருந்து எடுக்காதீர்கள். பக்கத்திலேயே ஓடும் சாலைப் பாலத்தில் ஏறி நின்றால் 105 போதும்.