நேரில் அடித்த டிரம்முக்கு மேல் சாம்பிள் ஏற்றுவது: உங்கள் அனுபவம் என்ன?

லாஸ்பேட்டையிலிருந்து:

புதுச்சேரி, கடலூர் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து மிக்ஸிங் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே குறைதான். வாசித்தவர் அருமையாக வாசித்திருப்பார். அறை சின்னது, மைக் குறைவு, கூரை தாழ்வு. திரும்பக் கேட்டால் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தொப்பென்று விழும், ஸ்னேரில் (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) கனமே இருக்காது. அப்போது கை தானாக, சாம்பிளை (தனியாகப் பதிவு செய்து வைத்த அடியை) ஏற்றித் தரும் டிரிகர் பிளகின் பக்கம் போகும். அவரவர் செய்து பார்த்ததை இங்கே சொல்லுங்கள். முதலில் என் அனுபவம்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் பதிவான கிறிஸ்துமஸ் பாட்டுகள் மிக்ஸிங்குக்கு வந்தன. கிக்குக்கு ஒரு மைக், ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு ஓவர்ஹெட், அவ்வளவுதான். வாசித்த பையனுக்கு நல்ல கை. பெரிய அடிகளுக்கு நடுவில் ஸ்னேரில் மெல்லத் தட்டிக்கொண்டே போவான். பாட்டு நகர்வதே அந்தச் சின்னத் தட்டல்களில்தான். பாடகர் குழுவை நடத்துகிற மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று: "கிக் நெஞ்சுல குத்தணும் தம்பி."

ஸ்லேட் டிரிகர், அடிக்டிவ் டிரிகர், டிரம்மகாக், சுப்பீரியர் டிரம்மர் 3-இல் உள்ள டிராக்கர், லாஜிக் என்ற பதிவு மென்பொருளிலேயே இருக்கும் டிரம் ரீப்ளேஸ்மென்ட் என்று எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். டிராக்கில் அடி விழுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அதன் பலத்துக்கு ஏற்ப வேறொரு அடியை அதே இடத்தில் ஒலிக்க வைப்பது. பதிவானதைத் தூக்கிவிட்டு முழுக்க சாம்பிளையே வைத்துவிடலாம், சுலபம். ஆனால் அப்புறம் அது அந்தப் பையன் வாசித்ததாக இருக்காது. அதனால் மைக் எதைப் பிடிக்கவில்லையோ அதை மட்டும் சாம்பிளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பெடல் தோலில் படும் 'டிக்' சத்தம், 3 முதல் 5 கிலோ ஹெர்ட்ஸ் வரை, நன்றாகவே பதிவாகியிருந்தது. இல்லாதது கீழ்ப்பகுதிக் கனம். சாம்பிளில் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் இருந்ததை வெட்டிவிட்டு, 60 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை மட்டும் அடியில் வைத்தேன்.

வைத்ததும் கிக் பெரிதாகவில்லை, மெலிந்துபோனது. இந்த இடத்தில்தான் பலர் சாம்பிளை மாற்றி மாற்றிப் போட்டு நாளை ஓட்டுகிறார்கள். கோளாறு சாம்பிளில் இல்லை, ஃபேஸில். மைக்கில் பதிவான அலை மேலே ஏறும் நேரத்தில் சாம்பிளின் அலை கீழே இறங்கினால், ஒன்றை ஒன்று அழித்துவிடும். கணக்குப் போட்டால் புரியும். 100 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட் எடுக்கும். சாம்பிள் 5 மில்லி செகண்ட் தள்ளி விழுந்தால் போதும், இரண்டும் சம அளவில் இருந்தால் அந்த 100 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். 48 கிலோ ஹெர்ட்ஸ் பதிவில் அது வெறும் 240 சாம்பிள் நகர்வு (இங்கே சாம்பிள் என்பது டிஜிட்டல் பதிவின் ஒரு புள்ளி), சாதாரணப் பார்வையில் திரையில் தெரியக்கூடத் தெரியாது.

டிரிகரின் வெளியீட்டைத் தனி டிராக்கில் பதிவு செய்து, பெரிதாக்கிப் பார்த்து, இரண்டிலும் முதல் பெரிய மேடு ஒரே பக்கம் எழும்படி நகர்த்தினேன். நகர்த்தியும் சரியாகவில்லை என்றால் அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: வெட்டுகிற ஃபில்டரும் ஃபேஸை நகர்த்தும். அதனால் ஈக்யூவில் வெட்டிய பிறகு ஒப்பிடுங்கள், முன்னால் அல்ல. ஓவர்ஹெட் மைக்குகளை நான் தொடவில்லை. அவை தள்ளி இருக்கின்றன, சத்தம் ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். அந்தத் தாமதத்தில்தான் அறை தெரிகிறது.

ஸ்னேருக்கு வேறு வழி. எவ்வளவு பலமான அடிக்கு மேல் பிளகின் வேலை செய்ய வேண்டும் என்கிற திரெஷோல்டை உயர்த்தி, பெரிய அடிகளுக்கு மட்டும் சாம்பிள் விழும்படி வைத்தேன். சின்னத் தட்டல்கள் பதிவானது பதிவானபடியே நின்றன. ஹை-ஹேட் (காலால் மூடித் திறக்கும் இரட்டைத் தட்டு) சத்தம் ஸ்னேர் மைக்கில் கசிந்து பிளகினை ஏமாற்றும், ஆகவே பிளகின் கேட்கிற பாதையில் மட்டும் மேல்பகுதியை வெட்டிவிட்டேன். அளவுக்கு என் கணக்கு இது: சாம்பிளை மியூட் செய்தால் ஏதோ குறைகிறது என்று தெரிய வேண்டும், போட்டால் சாம்பிள் என்று தெரியக் கூடாது. மாஸ்டர் கேட்டுவிட்டு "நல்ல டிரம்செட்டாத்தான் இருந்திருக்கு" என்றார். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

விலைக்கு வாங்கும் பிளகின் இல்லாமலும் செய்யலாம் நண்பரே. நான் ரீப்பர் என்ற பதிவு மென்பொருள் வைத்திருக்கிறேன். அதோடு வருகிற ஜேஎஸ் பிளகின்களில் ஆடியோவை மிடியாக்கும் (எப்போது, எவ்வளவு பலமாக அடித்தது என்ற குறிப்பாக மாற்றும்) டிரம் டிரிகர் ஒன்று உண்டு. அதன் பின்னால், அந்தக் குறிப்புக்குச் சாம்பிளை ஒலிக்கவிடும் ரீசாம்பிளோமேட்டிக் போட்டால் கதை முடிந்தது. அமைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இன்னிசைக் கச்சேரிதான் அதிகம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு. முழு டிரம்செட் எல்லா மேடைக்கும் வராது, குச்சியால் அடிக்கும் மின்னணுப் பேடான ஆக்டோபேட் வந்துவிடும். ரோலண்ட் முதல் ஆக்டோபேடை விட்டது 1985-இல். இன்றைக்கும் அது இல்லாத ரிதம் செக்‌ஷனைப் பார்ப்பது அபூர்வம். அதில் மிடி அவுட் இருக்கிறது என்பதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. ஒரு கச்சேரிப் பதிவில் பேடின் ஆடியோவோடு மிடியையும் சேர்த்துப் பிடித்தேன். அப்புறம் டிரிகர் தேட வேண்டியதே இல்லை. குச்சி எவ்வளவு பலமாக விழுந்தது என்பது ஒவ்வொரு அடிக்கும் எண்ணாக வந்து நிற்கிறது. பேடின் கிக்குக்குக் கீழே நல்ல கிக் ஒன்று, அதன் கிளாப்புக்கு மேலே நிஜக் கைத்தட்டல் ஒன்று வைத்தேன். ஒரே கைத்தட்டலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் மெஷின் அடிப்பதுபோல் கேட்கும் என்பதால், குழுவில் இருந்தவர்களையே வெவ்வேறு விதமாகத் தட்டச் சொல்லிப் பதிவு செய்து மாற்றி மாற்றி வரும்படி வைத்தேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து:

அண்ணா, டிரம்செட்டுக்கு நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. பறைக்கு வந்தால் வேறு ஒரு சங்கதி சேர்ந்துகொள்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒரு பறைக் குழுவை எங்கள் ஊரில் கடற்கரையை ஒட்டிய கொட்டகையில் பதிவு செய்தோம். உப்புக்காற்றும் ஈரமும் சும்மா இருக்குமா? பறையைத் தீயில் காய்ச்சி எடுத்ததும் தோல் இறுகி 'டண்'ணென்று பேசும். வாசிக்க வாசிக்க ஈரத்தை வாங்கித் தோல் தளரும், சுருதி இறங்கும். திரும்பக் காய்ச்சுவார்கள், திரும்ப ஏறும். ஆக ஒரே டிராக்கில் பறையின் சுருதி ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரே ஒரு சாம்பிளைப் பிளகினில் போட்டு முழுப் பாட்டுக்கும் ஓடவிட்டால், தொடக்கத்தில் பொருந்தியது பின்பாதியில் உரசும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் இரண்டு பறை சண்டை போடுவது காதில் விழும்.

அதனால் குழுவின் மூத்தவரிடம் ஒரு உதவி கேட்டேன். ஒவ்வொரு முறை காய்ச்சி வந்ததும் சில தனி அடி, அந்தச் சுற்று முடிந்து தீக்குப் போகும் முன் சில தனி அடி. அவர் சிரித்துக்கொண்டே, "பறைக்குச் சூடும் ஆறலும் ரெண்டும் குரலுதான், ரெண்டையும் எடுத்துக்கோ" என்றார். எந்தச் சுற்றுப் பாட்டோ அந்தச் சுற்றின் அடிகளையே அதன்மேல் ஏற்றினேன். சூட்டு அடியிலிருந்து ஆறிய அடிக்கு நடுவில் மெல்ல மாறும்படி வைத்தேன். கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. பலன் கேட்டவுடன் தெரிந்தது: ஒரு பறைதான் ஒலித்தது, ஆனால் நெருங்கி வந்து ஒலித்தது.

இன்னொன்று. பறைக்கு அடியில் டைக்கோ சாம்பிளை வைத்து 'பிரம்மாண்டம்' ஆக்குவதை இப்போது எங்கும் கேட்கிறோம். எனக்கு அது பிடிப்பதில்லை, வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். தடித்த அடிக்குச்சி ஒரு சத்தம், மெல்லிய சிம்புக்குச்சி ஒரு சத்தம். இரண்டும் பேசிக்கொள்வதுதான் பறை. ஜப்பானியப் பெருமேளத்தின் நீண்ட முழக்கம் அடியில் ஓடினால் சிம்புக்குச்சியின் பேச்சு அமுங்கிவிடும். கீழே கனம் வேண்டுமென்றால் அதே பறையின் அடியைப் பிரதி எடுத்து, ஒரு ஸ்தாயி இறக்கி, 120 ஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டி, அடிக்குச்சி விழும் இடங்களில் மட்டும் கலந்து பாருங்கள். கனமும் வரும், அதுவும் பறையிலிருந்தே வரும்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து:

எங்கள் அப்பா தவில்காரர். தவிலுக்கு உடல் பலாமரம், எங்கள் ஊருக்குச் சொல்லவா வேண்டும். அப்பா வாசித்ததில் டிரிகர் போட்டுப் பார்த்த அனுபவம் மட்டும் சொல்கிறேன். வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) கூடு, அதாவது விரலுறை, போட்ட விரல்கள் உருட்டும் வேகத்துக்கு எந்தப் பிளகினும் ஈடுகொடுக்கவில்லை. ஒரு அடிக்குப் பின் அடுத்ததை ஏற்கப் பிளகின் காத்திருக்கும் ரீடிரிகர் நேரத்தைக் கூட்டினால் அடிகளை விழுங்கியது, குறைத்தால் ஒரு அடியை இரண்டாகக் காட்டியது. வலந்தலைக்கு சாம்பிளே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். எஸ்பிஎல் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த டிரான்சியன்ட் டிசைனரின் பிளகின் வடிவம் ஒன்றைப் போட்டு, தாக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி, நீளும் ஒலியைக் கொஞ்சம் இறக்கினேன். இதில் திரெஷோல்ட் தொந்தரவு கிடையாது, மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒரே மாதிரித் தெளிவாகின்றன. பூவரசங்கழி விழும் தொப்பிப் பக்கத்தில் (இடப்பக்கத் தோலில்) மட்டும், தாளம் விழும் இடங்களில், அப்பாவின் தனி அடிகளைக் கையாலேயே வைத்தேன். அப்பா கேட்டுவிட்டு, "இது என் அடிதான்" என்றார்.

ஒரு சந்தேகம். தனி அடிகளைப் பதிவு செய்து சேமிக்க உங்கள் வழக்கம் என்ன?

லாஸ்பேட்டையிலிருந்து:

பண்ருட்டித் தம்பி, மெல்ல, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று அளவில், அளவுக்கு நாலைந்து அடியாவது எடுத்துவிடுங்கள். அடி முழுக்க அடங்கும்வரை அடுத்ததை அடிக்க விடாதீர்கள். பாட்டு பதிவான அதே மைக், அதே இடம், அதே நாள். பிறகு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு நார்மலைஸ் செய்துவிட வேண்டாம், மென்மைக்கும் பலத்துக்கும் உள்ள வித்தியாசம் போய்விடும். ஃபைல் பெயரிலேயே வலந்தலையா தொப்பியா, எந்த அளவு என்று எழுதிவிடுங்கள். தேவனாம்பட்டினம் தம்பி சொன்னதுபோல் பறையானால் சூடா ஆறியதா என்பதும் அதில் இருக்கட்டும்.

அந்த அடிகளை வேறு பாட்டில் போடுவதானால் வாசித்தவரிடம் கேட்டுவிட்டு, உரிய பணத்தையும் கொடுத்துவிட்டுப் போடுங்கள். கிறிஸ்துமஸ் பாட்டில் வாசித்த பையனின் ஸ்னேர் அடிகளை நான் அப்படித்தான் வாங்கி வைத்திருக்கிறேன். முதுநகர் நண்பரே, உங்கள் ரீப்பர் அமைப்பை ஒரு டெம்ப்ளேட்டாகச் சேமித்து அனுப்ப முடியுமா? டிரிகரின் வெளியீட்டைத் தனி டிராக்கில் பதிவு செய்யும் வசதியும் அதில் இருந்தால் நன்றாக இருக்கும்.