புதுப்பிப்பு: புரண்டு படுத்தால் தலைசுற்றல் – அம்மாவுக்குச் சரியாகிவிட்டது

வலப்புறம் புரண்டாலே அம்மாவுக்கு வீடு சுழல்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. "கழுத்தை விடுங்கள், காதைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் பலித்தது.

சேலத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மாவின் தலையை 45 டிகிரி வலப்புறம் திருப்பிச் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்தார். நாலைந்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு கருவிழிகள் தாமாகவே சுழன்று சுழன்று துடித்தன. பார்த்த எனக்கே வயிற்றைக் கலக்கியது. அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. உட்காதின் அரைவட்டக் குழாயில் கால்சியம் துகள்கள் புகுந்திருந்தனவாம். எப்லி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பி அவற்றை வெளியேற்றினார். மாத்திரை எதுவும் தரவில்லை.

எதிர்பாராதது: சுழற்சி நின்றும் இரண்டு நாள் மிதப்பதுபோல் தள்ளாடினார். தலைசுற்றல் வந்ததற்கு முதலில் ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள்மேல் பழிபோட்டிருந்தேன். ஞாயிறன்று மறுபடி ஏறினோம். அம்மா ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்தார்.