கேடிஎம் ஆர்சி 390 பைக்: முன்பக்க பிரேக் டிஸ்க்கை 300-இலிருந்து 320 மி.மீ.க்கு மாற்றுவது பயன் தருமா?

தென்றல்390 கேட்டது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2015-ஆம் ஆண்டு கேடிஎம் ஆர்சி 390. முன்சக்கரத்தில் 300 மி.மீ. டிஸ்க் ஒன்றும், நான்கு பிஸ்டன் கொண்ட பைபிரே நிறுவன ரேடியல் காலிப்பரும் (பேட் எனும் உராய்வுத் தகடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி; போல்ட்டுகள் சக்கரத்தின் ஆர வாக்கில் போவது ரேடியல் வகை) உள்ளன. கடந்த ஓராண்டாக இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடக்கும் பயிற்சி நாள்களில் இந்த வண்டியைத்தான் ஓட்டி வருகிறேன். முதல் நான்கைந்து சுற்றுகள் வரை பிரேக்கில் ஒரு குறையும் தெரிவதில்லை. அதன்பின் நேர்ப்பாதையின் முடிவில் பிடிக்கும்போது லிவர் சுற்றுக்குச் சுற்று கைப்பிடியை நெருங்கி வருகிறது. ஏழாவது சுற்றில் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளிதான் மிஞ்சுகிறது. இது தவிர, சாலையில் 60 கி.மீ. வேகத்தில் மெல்லப் பிடித்தால் லிவரில் ஒரு துடிப்பு தெரிகிறது.

2017 மாடலில் முன் டிஸ்க்கை நிறுவனமே 320 மி.மீ.க்கு உயர்த்தியிருப்பதால், நானும் அந்த அளவுக்கு மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். கழற்றிய டிஸ்க் ஒன்று நல்ல விலைக்குக் கிடைக்கிறது. இப்போதுள்ள டிஸ்க்கின் கனத்தை வெர்னியரால் அளந்து பார்த்தேன். அதில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவுக்கு மேல்தான் இருக்கிறது. 320-க்கு மாறுவதா, 300-இலேயே ஃப்ளோட்டிங் டிஸ்க் (வெளிவளையமும் நடுப்பகுதியும் தனித்தனியாக உள்ள வகை) போடுவதா என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

கொங்குப்பட்டறை எழுதியது:

வணக்கம் தம்பி. டிஸ்க் வாங்குவதற்கு முன், நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றல்ல.

பிரேக் சூட்டில் தளர்வது இரு வகைப்படும். லிவர் கல்லைப்போல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், பேட் தன் தாங்கும் வெப்பத்தைக் கடந்துவிட்டது என்று பொருள். லிவர் பஞ்சைப்போல் உள்ளே இறங்கினால், காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகியிருக்கின்றன. ஆயிலை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம் என்பதால்தான் லிவர் இறங்குகிறது. உங்களுடையது இரண்டாவது வகை. டாட் 4 எனும் தரவகை பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே ஆயிலுக்கு 155 பாகை இருந்தாலே போதும் என்று அந்த விதி சொல்கிறது. முன்பக்க ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து நிறத்தைப் பாருங்கள். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் அதை மாற்றிக் காலம் ஆகிவிட்டது.

பெரிய டிஸ்க் என்ன தரும் என்பதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். வண்டியும் ஆளுமாக 240 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 178 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். அதில் 150 அளவுக்கு முன் டிஸ்க்கின் தலையில் விழுகிறது என்று கொள்ளலாம். பேட் உரசும் எஃகு வளையம் 1.2 கிலோ இருந்தால், காற்றுக்குப் போகும் வெப்பத்தைக் கழிக்காமல் பார்த்தால், ஒரே பிடியில் 250 பாகை ஏறும். வளையத்தின் எடையைப் பத்து சதவீதம் கூட்டினால் இதில் சுமார் 25 பாகை குறையும். பிடிக்கும் விசையோ, பேடின் நடுப்பகுதி மையத்திலிருந்து 135 மி.மீ. தொலைவிலிருந்து 145-க்கு நகர்வதால், ஏறத்தாழ ஏழு சதவீதம் கூடும். இது நல்லதுதான், ஆனால் ஈரம் ஏறிய ஆயிலை இந்த 25 பாகை காப்பாற்றாது. நிறுத்தும் தூரமும் பெரிதாகக் குறையாது. முழு வேகத்தில் பிடிக்கும்போது பின்சக்கரம் ஏற்கெனவே தரையைவிட்டு எழ முயல்கிறது, அந்த எல்லையை டிஸ்க்கின் அளவு மாற்றுவதில்லை.

துடிப்புக்கு வருகிறேன். தடத்தில் சுற்றை முடித்து வந்ததும், சூடான டிஸ்க்கின் மேல் பேடை அழுத்திப் பிடித்தபடி வண்டியை நிறுத்துகிறீர்களா? அப்படி நின்றால் அந்த இடத்தில் பேடின் பொருள் அப்பிக்கொள்ளும். டிஸ்க் கோணிவிட்டது என்று பலர் தூக்கி எறிபவற்றில் பல இப்படி அப்பியவையே. டயல் கேஜை (சிறு ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவியை) முன் ஃபோர்க்கில் கட்டி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றி முள்ளின் ஆட்டத்தைப் பாருங்கள். எல்லை எவ்வளவு என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இன்னொன்று: டிஸ்க்கின் கனத்தை வெர்னியரால் அளந்ததை நம்ப வேண்டாம். பேட் தொடாத வெளிவிளிம்பு தேயாமல் மேடாக நிற்கும். வெர்னியரின் நீண்ட தாடை அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து கூடுதல் அளவைக் காட்டும். மைக்ரோமீட்டரால், பேட் உரசும் பாதையின் நடுவில், ஏழெட்டு இடங்களில் அளக்க வேண்டும்.

ஏபிஎஸ்_வாசகன் எழுதியது:

மேலே ஐயா சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். 320 போடுவதென்றே முடிவானால் கவனிக்க வேண்டியதை மட்டும் சேர்க்கிறேன்.

டிஸ்க்கின் ஆரம் 10 மி.மீ. கூடுவதால் காலிப்பரும் அதே 10 மி.மீ. வெளியே நகர வேண்டும். ரேடியல் காலிப்பர் என்பதால் இரண்டு நேரான ஸ்பேசர்கள் (இடைத்துண்டுகள்) போதும் என்பது உண்மையே. ஆனால் அவற்றை லேத்தில் ஒரே துண்டாகக் கடைந்து, இரு முகங்களும் இணையாக இருக்கும்படி செய்ய வேண்டும். வாஷர்களை அடுக்கி உயரம் கூட்டியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அந்த வண்டியில் ஏற எனக்கு மனம் வரவில்லை. போல்ட்டும் 10 மி.மீ. நீளமாக வேண்டும். அலுமினியத்தில் போல்ட் விட்டத்தின் ஒன்றரை மடங்கு நீளமாவது மரை பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. பழைய போல்ட்டையே திருகி, நான்கு சுற்று பிடித்தால் போதும் என்று விடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

கழற்றிய டிஸ்க்கை வாங்குமுன் போல்ட் துளைகளின் வட்ட விட்டம், நடுத்துளையின் விட்டம், டிஸ்க் உள்பக்கம் தள்ளியிருக்கும் அளவு ஆகிய மூன்றையும் உங்கள் டிஸ்க்கோடு ஒப்பிடுங்கள். விழுந்த வண்டியிலிருந்து வந்ததா என்பதைக் கேட்டு மட்டும் தெரிந்துகொள்ள முடியாது. சமதளக் கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சாருக்கும் அதன் பல்வளையத்துக்கும் உள்ள இடைவெளி மாறினால் எச்சரிக்கை விளக்கு எரியும், ஏபிஎஸ் வேலை செய்யாது.

தென்றல்390 எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை பட்டறை நண்பர் ஒருவரின் மைக்ரோமீட்டரை வாங்கி எட்டு இடங்களில் அளந்தேன். ஐயா சொன்னது அப்படியே சரி. டிஸ்க்கில் பொறித்துள்ள குறைந்தபட்ச அளவைவிட ஆறு இடங்களில் குறைவு, ஓரிடத்தில் 0.1 மி.மீ. குறைவு. விரலால் தடவினாலே வெளிவிளிம்பின் மேடு நகத்தில் தட்டுகிறது. இத்தனை நாள் இதைக் கொண்டுதான் 160-இல் போய்க்கொண்டிருந்தேன் என்பதை நினைக்கவே கவலையாக இருக்கிறது. ஆயில் டிகாக்ஷன் நிறம்தான். மாற்றி மூன்றாண்டுகள் ஆகின்றன. சுற்று முடிந்ததும் லிவரைப் பிடித்தபடி நிற்கும் பழக்கமும் எனக்கு உண்டு.

ஆக, டிஸ்க் எப்படியும் மாற்றியாக வேண்டும். இந்த நிலையில் உங்கள் ஆலோசனை என்ன?

கொங்குப்பட்டறை எழுதியது:

அளந்து பார்த்தது நல்லதாயிற்று தம்பி. அந்த டிஸ்க்கோடு இனித் தடத்துக்குப் போகாதீர்கள்.

என் கருத்து, 300 மி.மீ. அளவிலேயே புதிய டிஸ்க். பணம் இடம் கொடுத்தால் ஃப்ளோட்டிங் வகை. ஒரே தகடாக உள்ள டிஸ்க்கில் வெளிவளையம் சூடேறி விரிய முயலும், குளிர்ந்திருக்கும் நடுப்பகுதி அதை விடாது; அந்த இழுபறியில் டிஸ்க் கிண்ணம்போல் குழியும். ஃப்ளோட்டிங் வகையில் எஃகு வளையமும் அலுமினிய நடுப்பகுதியும் தனித்தனி. இடையிலுள்ள பாபின்கள் எனும் சிறு இணைப்புத் துண்டுகள் வளையத்தை விரிய விடுகின்றன. சாலைக்கும் சேர்த்து ஓட்டுவதால், பாபினில் ஸ்பிரிங் வாஷர் உள்ள அரை ஃப்ளோட்டிங் போதும். முழு ஃப்ளோட்டிங் மேடுபள்ளத்தில் கடகடவென்று சத்தமிடும்.

கூடவே புதிய சின்டர்டு பேட் (உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த வகை), ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் (எஃகுக் கம்பிப் பின்னல் போர்த்திய ஆயில் குழாய்), டாட் 5.1 ஆயில். டாட் 5 என்பது சிலிக்கான் வகை; பெயர் ஒன்றுபோல் இருப்பதால் மாற்றி ஊற்றிவிடாதீர்கள். ஏர் எடுத்த பிறகு, அதாவது ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றிய பிறகு, லிவரை இழுத்து இரவு முழுவதும் கட்டி வைத்துவிட்டுக் காலையில் மீண்டும் ஒருமுறை ஏர் எடுப்பது என் வழக்கம். ஒட்டிக்கொண்ட சிறு குமிழிகள் மேலேறிவிடுகின்றன. டிஸ்க் போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக, கையேட்டிலுள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். பேட் பதியும் வரை முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மிதமாகப் பிடித்து, நிற்காமல் மறுபடி வேகமெடுத்து, டிஸ்க்கை ஆறவிட்டு ஓட்டுங்கள். அதன்பின் தடத்தில் எட்டுச் சுற்று போய் வந்து லிவர் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். அப்போதும் இறங்கினால் 320 பற்றிப் பேசுவோம், ஸ்பேசரை நானே கடைந்து தருகிறேன்.