ஒக்கியை வைத்து ஜோக், அரங்கமே சிரித்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

வடசேரிக்காரி:

போன சனிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். நம்ம ஊருக்கு இதெல்லாம் வருவதே அபூர்வம், இல்லையென்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும், அதனால் டிக்கெட் விற்க ஆரம்பித்த அன்றே நானும் தங்கையும் எடுத்துவிட்டோம். வந்தவர் வெளியூர்க்காரர். முதல் அரை மணி நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, பெண் பார்க்கப் போன கதை ஒன்று சொன்னார், வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் ஒக்கி புயலுக்கு வந்தார், 2017-ல் நம்ம குமரி மாவட்டத்து மீனவர்கள் நிறையப் பேரைக் கடலில் கொண்டுபோன புயல். அந்த ஜோக்கை அப்படியே இங்கே எழுத மனசு வரவில்லை. புயல் வருகிறது என்று சொன்ன பிறகும் மீனவர்கள் கடலுக்குப் போனார்களாம், ஏன் போனார்கள் தெரியுமா என்று கேட்டுவிட்டு, நிவாரணப் பணத்தில் கொண்டுபோய் முடித்தார். அரங்கம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். யோசித்துச் சிரிக்கவில்லை, அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த ஓட்டத்தில் வந்துவிட்டது.

எனக்கு முன் வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். எழுந்தார், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வெளியே போனார். மேடையில் இருந்தவர் "அண்ணாச்சிக்கு அவசரம் போல" என்றார், அதற்கும் ஒரு சிரிப்பு. அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை. பின்னால் இருந்து ஒரு பையன் "மன்னிப்புக் கேளு" என்று கத்த, பக்கத்தில் இருந்தவர்கள் அவனை உட்காரச் சொல்ல, கடைசியில் நிகழ்ச்சி நடத்தியவர்கள் அவனைத்தான் வெளியே அனுப்பினார்கள். அப்புறம் இருபது நிமிடம் எதுவும் நடக்காத மாதிரி நிகழ்ச்சி ஓடியது.

இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் போலீஸில் புகார் கொடுக்கப் போவதாகப் பேசுகிறார்கள். தங்கை, ஜோக்தானே விடு என்கிறாள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. அந்த நிமிடம் நான் என்ன செய்திருக்க வேண்டும், இப்போது என்ன செய்யலாம்?

மைக்_பிடித்தவன்:

நான் திருவனந்தபுரத்திலும் மதுரையிலும் ஓப்பன் மைக்கில், அதாவது புது ஆட்களும் ஏறி ஜோக் சொல்லிப் பார்க்கிற மேடையில், ஏறுகிறவன், மூன்று வருஷம் ஆகிறது. மேடையிலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். முகத்தில் லைட் அடிக்கும்போது முதல் இரண்டு வரிசைக்கு அப்பால் முகம் தெரியாது, காதுதான் வேலை செய்யும். சிரிப்பு வந்தால் அந்த வரி அடுத்த ஊருக்கும் போகும். வராவிட்டால் அன்று ராத்திரியே நோட்டில் அடித்துவிடுவோம். கத்தினால் எங்களுக்குக் கொண்டாட்டம்தான், அதற்குப் பதில் சொல்லியே பத்து நிமிடம் ஓட்டிவிடலாம், க்ரவுட் வொர்க் என்று அதை வெட்டி யூடியூபில் போட்டால் நிகழ்ச்சியைவிட அதிகம் பேர் பார்ப்பார்கள். நாங்கள் பயப்படுவது நிசப்தத்துக்கு மட்டும். நூறு பேர் டிக்கெட் வாங்கி வந்து, சரியாக அந்த இடத்தில் சிரிக்காமல் இருந்தால் அதைத் தாங்கிக்கொண்டு மறுபடியும் அதே வரியைச் சொல்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

நீங்கள் சிரித்ததற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் சிரிப்பு தொற்றிக்கொள்ளும், அதை நம்பித்தான் எங்கள் பிழைப்பே. ஆனால் அந்த அண்ணாச்சியை மேடையிலிருந்து கிண்டல் செய்தது எங்கள் தொழிலில் கேவலமான காரியம். ஒருவர் சண்டை போடாமல் எழுந்து போகிறார் என்றால் போக விட வேண்டும். அவர் கையில் மைக் கிடையாது.

தங்கல்காரர்_மகள்:

நான் தூத்தூர் பக்கம், கடற்கரை மீனவ ஊர். அந்த அரங்கில் இல்லை, இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒக்கியை வைத்துச் சிரிக்கவே கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை. என் அப்பா ஒன்பது நாள் கழித்து லட்சத்தீவில் கரையேறியவர். இன்றைக்கும் யாராவது கேட்டால் "கடல்ல முங்காதவன் வீட்டுக்கு வந்து இவ அம்மா கண்ணீர்ல முங்கிட்டேன்லா" என்பார், அம்மாவும் சேர்ந்தே சிரிப்பாள். எங்கள் மாமா வரவில்லை. அத்தை இருக்கும்போது அப்பா அந்த ஜோக்கைச் சொல்ல மாட்டார். இதை அப்பாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது ஜோக்குக்கு அடியில் இருக்கிற பொய்யின் மேல். எச்சரித்தும் போனார்கள் என்றாராமே. எங்கள் ஆட்கள் பார்ப்பது தங்கல் தொழில். சுறாவுக்கும் சூரைக்கும் போனால் பத்து நாளும் ஆகும், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும், கரையிலிருந்து அவ்வளவு தூரம். 2017 நவம்பர் 29 அன்று அது இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 அன்று நம்ம கடலில் புயலாகிவிட்டது. அப்பா இருந்த போட் நவம்பர் நடுவிலேயே கிளம்பிவிட்டது. யார் எச்சரித்தார்கள், யாரை, எந்த வயர்லெஸ்ஸில்? சாதாரண வயர்லெஸ் அந்தத் தூரத்துக்கு எட்டாது என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தேடுவதற்கும் எங்கள் ஊர் ஆட்களே சொந்தப் போட்டில் டீசல் போட்டுப் போனார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ஸ்டேஷனில் ஆயிரக்கணக்கான ஜனம் தண்டவாளத்தில் உட்கார்ந்தது ஏன் என்று அந்தக் கலைஞர் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

அப்புறம் அந்தப் பணம். 20 லட்சம். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத சட்டப்படி 7 வருஷம் ஆக வேண்டும், அதற்கு முன்பே கொடுத்தார்கள், அது நல்லதுதான், பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் உடல் கிடைக்காத வீட்டில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்றால் இனிமேல் வர மாட்டார் என்று அத்தையே ஒப்புக்கொள்கிற மாதிரி. பேனாவைக் கையில் வாங்க மாட்டேன் என்று இரண்டு நாள் அறைக்குள்ளேயே இருந்தாள். இது தெரிந்த யாருக்கும் அந்தக் கடைசி வரி வாயில் வராது.

நாகர்கோவிலிலிருந்து எங்கள் ஊருக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. வெளியூர்க்காரருக்குத் தெரியவில்லை என்பதைக்கூட விட்டுவிடுவேன். சிரித்தவர்கள் எல்லாரும் நம்ம மாவட்டம் என்பதுதான் வலிக்கிறது. அக்கா, உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, நீங்களாவது கேட்டீர்களே.

பார்வதிபுரம்_பாலம்:

புகார் மட்டும் வேண்டாம். முனாவர் ஃபரூக்கி என்ற ஸ்டாண்ட்-அப் கலைஞரை 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் பிடித்தார்கள், சொல்லாத ஜோக்குக்காக. உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்து வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இன்னொரு ஸ்டாண்ட்-அப் கலைஞர் குணால் கம்ரா விஷயத்தில் 2025 மார்ச்சில் மும்பையில் அந்த அரங்கத்தையே அடித்து நொறுக்கினார்கள், அவர் நம்ம சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் வாங்கினார். பார்க்கப் போன ஒருவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டதால் அவர் சுற்றுலாவைப் பாதியில் விட்டுத் திரும்பினார் என்றும் செய்தி வந்தது, கம்ரா அவரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். புகார் கொடுத்த அன்றோடு பேச்சு அந்தக் கலைஞரைப் பற்றி மாறிவிடும். தூத்தூர்க்காரர்களைப் பற்றி ஒரு ஆளும் பேச மாட்டான். 2022-ல் ஆஸ்கர் மேடையில் வில் ஸ்மித் அறைந்தாரே, அந்த அறை உலகத்துக்கே ஞாபகம் இருக்கிறது, கிறிஸ் ராக் சொன்ன ஜோக்குக்குப் பின்னால் ஒரு பெண்ணுக்கு முடி உதிர்கிற நோய் இருந்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

தவிர, நம்ம மாவட்டத்தில் கூட்டம் சேர்த்துக் கோபத்தைக் கிளப்புவது விளையாட்டுக் காரியம் இல்லை. 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அந்தக் கலைஞரின் பெயரைப் பார்த்து மதம் கண்டுபிடிக்கிற வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது, நானே பார்த்தேன்.

குடமும்_உடுக்கும்:

மக்கா, எனக்கு அறுபத்தெட்டு வயசு. அம்மன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டே வளர்ந்தவன். முதன்மைப் பாடகரான அண்ணாவி ஒரு வரி பாடுவார், பக்கத்தில் இருக்கிறவர் "ஆமா" போடுவார். எல்லாவற்றுக்கும் ஆமா போட்டுவிட மாட்டார், சில இடத்தில் "அதெப்படி வே?" என்று மடக்குவார். கேட்கிற நாம் என்ன நினைக்கிறோமோ அதைக் கேட்கத்தான் அந்த ஆள். எங்கள் ஊர்க் கொடையில் ஒரு தடவை அண்ணாவி ஏதோ ஒரு வீட்டுக் கதையை வேடிக்கையாக இழுக்க, முன்னால் பாயில் இருந்த பெரியவர் "அண்ணாவி, அது அப்படி இல்ல" என்றார். கத்தவில்லை, கையைக்கூட உயர்த்தவில்லை. அண்ணாவி வில்லைத் தட்டுகிற வீசுகோலைக் கீழே வைத்து, "சரி, நீங்க சொல்லுங்க" என்றார். பெரியவர் நாலு வாக்கியம் சொன்னார், பாட்டு அங்கிருந்து திருந்திப் போனது. ராத்திரி மூன்று மணிக்கு நடந்தது, அந்த நிசப்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கலைவாணர் நம்ம ஒழுகினசேரிக்காரர், வில்லுப்பாட்டிலிருந்து போனவர்தான். கேட்கிறவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், நாளைக்கு அவன் தெருவில் நடக்க வேண்டும் என்ற நினைப்பு அந்தக் கலையிலேயே உண்டு. டிக்கெட் விற்று அடுத்த ஊருக்குப் போகிறவருக்கு அந்த நினைப்பை நாம்தான் உண்டாக்க வேண்டும். தம்பி சொன்ன நிசப்தம் நல்லதுதான், ஆனால் அதோடு விட்டால் அவருக்குக் காரணம் தெரியாது, இந்த ஊர்க்காரனுக்கு ஜோக் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். எழுதுங்கள் அம்மா. அது அப்படி இல்ல என்று எழுதுங்கள்.

வடசேரிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. தூத்தூர்த் தங்கச்சி, நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன், என் தங்கையையும் படிக்க வைத்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை, ராத்திரி வந்து "லெட்டர் எழுதினா என் பேரையும் போடு" என்றாள்.

நேற்று அந்தக் கலைஞருக்கும் நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கும் மெயில் அனுப்பிவிட்டோம். திட்டவில்லை, தடை கேட்கவில்லை. நாங்களும் சிரித்தோம் என்பதை முதல் வரியிலேயே எழுதினோம். தங்கல் என்றால் என்ன, போட்டுகள் எப்போது போயின, புயல் எப்போது உருவானது, எவ்வளவோ வீட்டில் உடல்கூடக் கிடைக்கவில்லை, இவ்வளவுதான். எழுந்து போனவரைக் கிண்டல் செய்தது தப்பு என்றும், கத்திய பையனை மட்டும் வெளியே அனுப்பியதற்கு நடத்தியவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்றும் கடைசியில் சேர்த்தோம். வாட்ஸ்அப் குழுவிலும் அதே கடிதத்தைப் போட்டேன். இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் புகார் எழுதுவதை நிறுத்தி வைப்பதாகச் சொன்னார்.

இன்னும் பதில் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே நிகழ்ச்சி திருநெல்வேலியில் இருக்கிறது. இங்கிருந்து யாராவது போகிறீர்களா? அந்தப் பகுதி இன்னும் இருக்கிறதா என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.